வசியம் போனபின் வரும் கூச்சம்: ‘தி ஃபாரெவர் வார்’

பழைய புத்தகக் கடையில் 120 ரூபாய்க்குக் கிடைத்தது, ஜோ ஹால்டெமன் 1974-இல் எழுதிய நாவல். அட்டை கிழிசல், எழுத்து பொடி. என் கண்ணுக்குக் கஷ்டம்தான். வேற்றுக்கிரகவாசிகளோடு சண்டை என்பதால் பொழுதுபோக்காக எடுத்தேன். பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்தவன் நான். முதல் போர்க்காட்சி முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு மாடியில் கொஞ்ச நேரம் நின்றேன்.

டாரன்கள் என்ற அந்த வேற்றுக்கிரகவாசிகளுக்கு அங்கே நேருக்கு நேர் சண்டையிடவே தெரியாது. வீரர்களுக்கோ முன்பே மனவசியம் செய்து வெறியை ஏற்றி வைத்திருக்கிறார்கள். குறிச்சொல் காதில் விழுந்ததும் வெட்டிச் சாய்க்கிறார்கள். எல்லாம் வசியத்தின் வேலை என்று தெரிந்தும் நாயகன் மாண்டெல்லாவுக்குக் குற்றவுணர்வு போகவில்லை. ஹால்டெமன் வியட்நாமில் காயம்பட்டவர். அது வரிக்கு வரி தெரிகிறது.

ஒளிவேகத்தை ஒட்டிய பயணம் என்பதால் மாண்டெல்லாவுக்குச் சில வருடம் கழிந்தால் பூமியில் பல பத்தாண்டுகள் ஓடிவிடுகின்றன. விடுப்பில் வந்து சொந்த வீட்டிலேயே விருந்தாளியாக உட்காருவது எனக்கும் தெரிந்த சங்கதி. எதிர்காலப் பாலுறவு பற்றிய பக்கங்கள் மட்டும் பழசாகிவிட்டன, வேகமாகப் புரட்டினேன்.

மகன் கேட்டான், கொடுத்திருக்கிறேன். போர் எப்படித் தொடங்கியது என்பதை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.