கீவேர்டு அடர்த்தி குறைவாம்: என் 18,400 ரூபாயை விழுங்கிவிட்டார்கள்

எழுதிய கட்டுரைகளுக்குப் பணம் தர வேண்டிய ஏஜென்சிக்காரர்கள் நேற்று இரவு என் எண்ணையும் பிளாக் செய்துவிட்டார்கள். ஆத்திரம் ஆறினால் பாதி விட்டுப்போகும் என்றுதான் இப்போதே எழுதுகிறேன். தமிழில் இணையதளங்களுக்குக் கட்டுரை எழுதிச் சம்பாதிப்பவர்கள் அவசியம் படியுங்கள். இவர்களிடம் சிக்காமல் இருப்பது எப்படி என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

கடைகளுக்கு இணையதளம் நடத்திக் கொடுக்கும் ஏஜென்சி அது. புடவைக் கடை ஒன்றுக்கு 800 சொல் கட்டுரைகள் வேண்டும், கட்டுரைக்கு 800 ரூபாய், கூகுளில் தேடுவோர் தட்டும் சொல்லான (கீவேர்டு) 'பட்டுப்புடவை' மொத்தச் சொற்களில் 3 சதவீதம் வர வேண்டும் என்றார்கள். இதைத்தான் கீவேர்டு அடர்த்தி என்பார்கள். முதல் கட்டுரை அனுப்பிய அன்று மாலையே பணம் வந்துவிட்டது. மேலாளரே போனில் அழைத்தார். "மேடம், உங்கள் தமிழைப் படித்து எங்கள் எம்.டி. அசந்துபோனார். இனி மாதக் கடைசியில் மொத்தமாகக் கணக்கு முடித்துவிடலாமே, உங்களுக்கும் சிரமம் இருக்காது." என்ன பணிவு, என்ன குழைவு! அந்தக் குரலை நம்பித்தான் மாதம் முழுக்க எழுதினேன். சேர்ந்த தொகை 18,400 ரூபாய்.

பில் அனுப்பியதும் பேச்சு மாறியது. அடர்த்தி 0.9 சதவீதம்தானாம். 800 சொல்லில் 3 சதவீதம் என்றால் 24 இடம். எண்ணி எண்ணி வைத்தவள் நான். அவர்களுடைய சொல் எண்ணும் கருவி கண்டது ஏழுதான். பட்டுப்புடவையை, பட்டுப்புடவைக்கு, பட்டுப்புடவையில் என்று உருபு ஏறியதையெல்லாம் அது வேறு சொல்லாகத் தள்ளிவிட்டது. ஒவ்வொன்றையும் வட்டமிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். "கருவி காட்டுவதுதான் எங்களுக்குக் கணக்கு, மேடம்."

அந்தக் கருவி திருப்தியடைய "பட்டுப்புடவை வாங்க பட்டுப்புடவை கடைக்கு வாருங்கள்" என்றுதான் எழுத வேண்டும். இத்தனைக்கும் கூகுள் இத்தனை சதவீதம் வேண்டும் என்று யாரிடமும் கேட்டதில்லை. சொல்லைத் திணிப்பது, போலி இணைப்புகள் கொடுப்பது போன்ற தந்திரங்கள் செய்யும் பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளத்தான் 2012 ஏப்ரலில் பென்குயின் என்ற மாற்றத்தையே தன் தேடலில் கொண்டுவந்தது.

பிறகு, கணக்குப் பிரிவில் கேளுங்கள் என்றார்கள். கணக்குப் பிரிவோ கிளையண்ட் ஒப்புதல் வரவில்லை என்றது. மேலாளர் விடுப்பில் போனார். இதற்கிடையே, நிராகரித்த அதே கட்டுரைகள் கடையின் தளத்தில் ஒரு காற்புள்ளிகூட மாறாமல் ஏறிக் கிடக்கின்றன! கேட்டதற்கு, "அது டெஸ்டிங், மேடம்." எதற்கு டெஸ்டிங், என் பொறுமைக்கா? மறுபடி கேட்டேன். பிளாக்.

விரிவாகச் சொல்வதாகச் சொன்னேன், இப்போது கை ஓடவில்லை. கட்டுரைக்குக் கட்டுரை பணம் வாங்குங்கள். அடர்த்தி கேட்டால் எந்தக் கருவி, உருபோடு வருவதை எண்ணுமா என்று எழுத்தில் வாங்குங்கள். போன் பேச்சை நம்பாதீர்கள். 18,400 ரூபாய், என் மகனின் பள்ளிக் கட்டணம்! மாதக் கடைசியில் மொத்தமாக என்று எவராவது ஆரம்பித்தால் அடுத்த கட்டுரையை அனுப்பாதீர்கள்.