அத்தையின் பட்டன் போனும் ஐசியும்

2025 தீபாவளிக்கு மலேசியாவில் என் ஊரான சுங்கை சிப்புட் போய் இரண்டு வாரம் இருந்தேன். மெல்பர்னில் குடியேறிப் பதினோரு வருடமாகிறது. இந்த முறை ஊரில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது போன்தான்.

முதல் நாள் காலை பசியாற ஒட்டுக்கடைக்கு, அதாவது சாலையோரச் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். தோசையும் தே தாரிக்கும் (ஆற்றிய பால் தேநீர்) முடிந்து கார்டை நீட்டினால், கடைக்கார அக்கா போனில் ஸ்கேன் செய்து பணம் கட்டும் மலேசியாவின் இளஞ்சிவப்பு டூயிட்நவ் கியூஆரைக் காட்டினார். சிங்கப்பூர், தாய்லாந்து, இந்தோனேசியாவிலிருந்து வருபவர்கள் தங்கள் நாட்டுச் செயலியிலேயே அதை ஸ்கேன் செய்து கட்டிவிடலாம். என் ஆஸ்திரேலிய வங்கிச் செயலியில் அது ஆகவில்லை. அங்கே எங்கு போனாலும் கார்டைத் தட்டியே பழக்கம். கையில் வெள்ளியும், அதாவது மலேசிய ரிங்கிட்டும், இல்லை. "பரவாயில்ல தம்பி, போகும்போது கொடுங்க" என்றார். மறுநாளே கொடுத்தேன்.

அத்தை பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர். இன்னும் தோட்டத்துப் பக்கம்தான் இருக்கிறார். அவரிடம் இருப்பது பழைய பட்டன் போன். மலேசியாவில் 2021 கடைசியில் 3ஜியை நிறுத்தினார்கள், ஆனால் 2ஜியை விட்டுவைத்தார்கள். அதனால் அந்தப் போன் இன்றும் மணியடிக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2018க்குள் 2ஜி போய்விட்டது, 2024 அக்டோபரில் 3ஜியும் போனது. 000 அவசர எண்ணை 4ஜியில் அழைக்க முடியாத போன்களையும் சேர்த்தே முடக்கினார்கள். அந்த வாரம் என் பக்கத்து வீட்டுப் பாட்டியின் போன் செத்துப்போனது. மகன் வேறு ஊரில். நான்தான் புதுப் போன் வாங்கி, எண்களை ஒவ்வொன்றாக ஏற்றிக் கொடுத்தேன்.

ஊரில் எனக்கு மிகவும் பிடித்தது அத்தையோடு மளிகைக்குப் போன நாள். பதினெட்டு வயதான எல்லாக் குடிமக்களுக்கும் அரசு 100 வெள்ளி கொடுத்திருந்தது, ஆகஸ்ட் 31 முதல் டிசம்பர் 31 வரை செலவு செய்யலாம். அந்தப் பணம் போனுக்கு வரவில்லை, ஐசி என்று நாங்கள் சொல்லும் அடையாள அட்டைக்கே வந்தது. அத்தை அரிசி, பிஸ்கட், சோப்பு எடுத்தார், ஐசியைக் கொடுத்தார், முடிந்தது. "எனக்கு எதுக்குய்யா பெரிய போன், ஐசி இருக்கே" என்றார். பெட்ரோலும் அப்படித்தான். அப்போது மானிய விலையில் லிட்டர் 1.99 வெள்ளிக்கு ரோன்95 பெட்ரோல் ஊற்ற என் தம்பி செயலியைத் திறந்தான், மாமா ஐசியைச் செருகினார். இரண்டு வழியும் திறந்திருந்தன. இப்படி யோசித்தவர்களுக்கு நன்றி சொல்லவேண்டும்.

வங்கியில் அந்த யோசனை இல்லை. அத்தை மகள் வீட்டுக் கணினியில் கரண்டு பில் கட்டுவாள், எஸ்எம்எஸ் குறியீடு அத்தையின் போனுக்கு வரும், அவர் எண்ணை வாசித்துச் சொல்வார். மோசடிக்காரர்கள் அந்தக் குறியீடுகளைத் திருடுவதால், செயலியில் ஒப்புதல் கொடுக்கும் முறைக்கு மாறச் சொல்லி மத்திய வங்கி 2022இல் அறிவித்தது. காரணம் நியாயமானது, நான் மறுக்கவில்லை. ஆனால் அத்தையின் பட்டன் போனில் செயலி ஓடாது. வங்கி முகப்பில் கேட்டபோது, "வீட்டுல யார் போன்லயாவது போட்டுக்குங்க" என்றார்கள். அத்தையின் சேமிப்பு இன்னொருவர் போனில் இருக்கட்டும் என்பதா பாதுகாப்பு? எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாற்பது நிமிடம் நின்றும் வேறு வழி சொல்லவில்லை. இப்போது பில்லைத் தபால் நிலையத்தில் பணமாகக் கட்டுகிறார்.

அப்புறம், குரல் செய்தி. மெல்பர்னில் என்னோடு வேலை செய்பவர்கள் எதையும் எழுதித்தான் அனுப்புவார்கள், குரல் செய்தி வந்தால் ஏதோ அவசரம் என்று நினைப்பார்கள். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்ற அத்தைக்குப் பேச்சுதான் கடிதம். மகளின் வாட்ஸ்அப்பில் பேசிவிட்டு, செம்பனைத் (எண்ணெய்ப் பனை) தோட்டத்துக்குள் சிக்னல் எடுக்காததால், சாலையோரம் வரை நடந்து போய் அனுப்பச் சொல்வார்.

டிசம்பரில் ஒன்று வந்தது: "மிச்சம் இருந்ததுக்கு அரிசி வாங்கிட்டேன்யா. முப்பத்தொண்ணுக்குள்ள முடிக்கணும்னாங்க. நீ சாப்பிட்டியா?"