மூக்கில்லாத ட்றக்கோடு கனகாலம்: கென்வேர்த் கே100இ அனுபவம்

என்னிடம் இருப்பது 1986 ஆம் ஆண்டு கென்வேர்த் கே100இ. கேபோவர் வகை: முன்னுக்குப் பொனற் கிடையாது, எஞ்சினுக்கு மேலேயே கபின் குந்தியிருக்கும். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் பழைய வண்டியாக வாங்கினேன். ரொறொன்ரோவில் இருந்து மொன்றியல், டிற்றொயிற், சிக்காகோ, நியூயோர்க் என்று பத்து வருடத்துக்கு மேல் வீட்டுக்குச் சோறு போட்டது. இப்போது வேலைக்கு விடுவதில்லை. கோடையில் எடுத்து ஓடுகிறேன், அவ்வளவுதான். "அண்ணை, ஒரு பழைய கேபோவர் எடுப்பம் எண்டு யோசிக்கிறன், என்ன சொல்லுறியள்?" என்று இளம் டிறைவர்மார் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு இந்த ட்றக் சரியான விருப்பம். ஆனால் நாளைக்கே இதில் ஏறித் திரும்பவும் வேலைக்குப் போ என்றால் போகமாட்டேன். இரண்டுமே உண்மை.

முதலில் இந்த வடிவம் ஏன் வந்தது என்று தெரிந்தால்தான் மற்றதெல்லாம் விளங்கும். ஊரில் நாங்கள் பார்த்து வளர்ந்த லொறிகளில் மூக்குள்ளதும் இருந்தது, மூக்கில்லாததும் இருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அமெரிக்காவில் அது பணப் பிரச்சினை. எண்பதுகளின் தொடக்கம் வரை ட்றக்கும் ட்றெயிலரும் சேர்ந்து எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பதை அந்தந்த மாநிலமே முடிவு செய்தது. கிழக்குப் பக்கத்தில் பல மாநிலங்களில் 55 அடிதான். மொத்த நீளம் இவ்வளவுதான் என்றால், முன்னுக்கு நீளும் ஒவ்வொரு அடி பொனற்றும் பின்னுக்கு ஏற்றும் சரக்கில் ஒரு அடியைத் தின்றுவிடும். ஆகவே பொனற்றை எடுத்து எறிந்தார்கள். டிறைவரைத் தூக்கி எஞ்சினுக்கு மேல் வைத்தார்கள். டிறைவரின் முதுகெலும்பை யாரும் கேட்கவில்லை.

பிறெயிற்லைனர் கம்பெனியே இப்படிப் பிறந்ததுதான். கன்சொலிடேற்றட் பிறெயிற்வேஸ் என்ற சரக்குக் கம்பெனியை நடத்திய லீலண்ட் ஜேம்ஸ், தனக்கு வேண்டிய பாரம் குறைந்த வண்டியை யாரும் கட்டித்தரவில்லை என்று தானே கட்டத் தொடங்கினார். 1958 இல் அவர்கள் 90 பாகை முன்னுக்குக் கவிழும் கபினைக் கொண்டுவந்தார்கள். எஞ்சினுக்குக் கை போக வழி கிடைத்தது. அறுபதுகளில் கென்வேர்த்தின் கே100 வந்தது. 1976 இல் அதே கே100 இல் ஏரோடைன் என்ற உயர்ந்த கூரைக் கபின் வந்தது: உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், மேலே இரண்டு சின்ன யன்னல்கள். என்னுடையதும் ஏரோடைன்தான். தூரத்தில் வரும்போதே அந்த இரண்டு யன்னல்களை வைத்து ஆட்கள் கண்டுபிடித்து விடுவார்கள்.

பிறகு 1982 ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. றேகன் 1983 ஜனவரியில் கையெழுத்து வைத்தார். பெரிய ஹைவேக்களில் மொத்த நீளத்துக்கு மாநிலங்கள் வரம்பு போட முடியாது, 48 அடி ட்றெயிலரை விடத்தான் வேண்டும் என்றாகிவிட்டது. முன்னுக்கு எவ்வளவு மூக்கு இருந்தாலும் கேட்பாரில்லை. 1985 இல் கென்வேர்த்தே காற்றைக் கிழிக்கிற சாய்ந்த மூக்கோடு டி600 ஐ இறக்கியது. கேபோவரின் விலை விழுந்தது. அப்போதுதான் எங்களைப் போல 83 க்குப் பிறகு ஊரைவிட்டு வந்து, ஏஸெட் என்ற பெரிய ட்றக் லைசென்ஸ் எடுத்து, கையில் காசு குறைவாக இருந்தவர்களுக்கு அது எட்டியது. நான் கேபோவர் வாங்கியதற்குக் காரணம் காதல் என்று கதைவிட மாட்டேன். அதுதான் வாங்கக்கூடிய விலையில் இருந்தது.

சரி, ஓட்டம்.

இதில் இருந்து பார்க்கும் பார்வைக்கு இன்றைக்கும் எதுவும் ஈடில்லை. முன் பம்பருக்குக் கிட்ட என்ன நிற்கிறது என்பது கண்ணுக்கு நேரே தெரியும். பெரிய பொனற் ட்றக்கில் வலது பக்க மூலையில் ஒரு சின்னக் காரே மறைந்துவிடும். நியூயோர்க்கில் இதன் அருமை விளங்கும். பிறொங்ஸில் ஹண்ட்ஸ் பொயின்ற் மரக்கறிச் சந்தைக்கு விடியப்புறம் போனவர்களுக்குத் தெரியும், அங்கே ஒரு வண்டி திரும்ப இன்னொரு வண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நியூயோர்க் நகரத்துக்குள் இன்றைக்கும் மொத்த நீளம் 55 அடி என்பதுதான் விதி. குட்டை ட்றக் என்றால் ட்றெயிலருக்குக் குறுக்கே ட்றக்கை மடித்து, எதிர்ப்பக்கம் நிற்கும் கார்களில் முட்டாமல் டொக்குக்குள் பின்னுக்கு விடலாம். மூக்கு நீண்ட வண்டிக்காரர் மூன்று தரம் முன்னுக்கும் பின்னுக்கும் போகிற இடத்தில் நான் ஒரே தரத்தில் விட்டிருக்கிறேன். கொஞ்சம் புளுகுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வித்தியாசம் உண்மை.

திருப்பத்துக்குப் பழக வேண்டும். ஆள் முன் அச்சுக்கு மேலேயே இருப்பதால், சந்திக்குள் உடம்பு போன பிறகுதான் ஸ்ரியறிங்கைச் சுழற்ற வேண்டும். பொனற் வண்டி ஓடிப் பழகியவர்கள் முந்தியே திருப்பி, பின் சில்லை நடைபாதையில் ஏற்றுவார்கள்.

கெட்டதும் அதே அச்சில் இருந்துதான் வருகிறது. றோட்டில் ஒவ்வொரு கொங்கிறீற் இணைப்பும் நேராக நாரிக்குள் ஏறும். 401 ஹைவேயில் சில பகுதிகளில் ஒரே தாளத்தில் தலை ஆடிக்கொண்டே போகும். ட்றெயிலர் இல்லாமல் வெறும் ட்றக்கை ஓடினால் இன்னும் மோசம், குட்டை வண்டி துள்ளும். காற்றில் மிதக்கும் சீற் போட்டால் பாதி குறையும், பாதி இருக்கும். எந்தக் கம்பெனிக் கேபோவரில் ஏறினாலும் இதே கதைதான், கென்வேர்த்தைச் சொல்லி வேலையில்லை. எனக்கு இப்போது நாரிக்கு மருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. எல்லாப் பழியையும் ட்றக்கின் தலையில் போடவில்லை, ஆனால் அதற்கும் பங்கு உண்டு.

எஞ்சின் கம்மின்ஸ் என்ரிசி 400. பதினான்கு லீற்றர், 855 கன அங்குலம், ஆறு சிலிண்டர். கொம்பியூட்டர் என்று ஒன்றும் இல்லை. டீசலும் காற்றும் சரியாக வந்தால் ஓடும், வராவிட்டால் எங்கே வரவில்லை என்று கையால் தடவிக் கண்டுபிடிக்கலாம். எரிபொருள்தான் குடிக்கும், ஒரு கலனுக்கு ஐந்து ஆறு மைல் போனால் நல்ல நாள். எஞ்சின் பிறேக் அடித்தால் ஊரே எழும்பும். இந்த எஞ்சின் பிறேக்குக்கு ஒரு கதை இருக்கிறது. கம்மின்ஸ் கம்பெனியைத் தொடங்கிய கிளெஸ்ஸி கம்மின்ஸ் 1931 இல் கலிபோர்னியாவின் கஹோன் மலைப்பாதையில் இறங்கும்போது பிறேக் பிடிக்காமல் மயிரிழையில் தப்பினார். அந்தப் பயத்தை விடாமல் வைத்திருந்து, பிற்காலத்தில் எஞ்சினையே பிறேக்காக்கும் முறையைக் கண்டுபிடித்தார். ஜேக்கப்ஸ் கம்பெனி 1961 இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டிறைவரின் பயத்தில் இருந்து வந்த சாமான் என்பதால்தானோ என்னவோ அது இவ்வளவு நம்பிக்கையாக வேலை செய்கிறது.

கியர் புல்லர் 13 ஸ்பீட். சிங்க்றோ கிடையாது, எஞ்சின் வேகத்தையும் கியர் வேகத்தையும் நீங்களே பொருத்த வேண்டும். பொனற் வண்டியில் கியர்த் தடி நேராகக் கியர்ப் பெட்டிக்குள் இறங்கும். கேபோவரில் கபின் கவிழ வேண்டும் என்பதால் தடிக்கும் பெட்டிக்கும் நடுவே நீண்ட கம்பிகளும் மூட்டுகளும் இருக்கின்றன. அந்த மூட்டுகள் தேயத் தேய, ஒடியல் கூழ்ப் பானைக்குள் அகப்பையை விட்டு நண்டுக்கால் தேடுவது மாதிரி ஆகிவிடும். மூன்றாவது எங்கே, நான்காவது எங்கே என்று தடிக்கே தெரியாது. மூட்டுகளின் புஷ்களை மாற்றினால் வண்டி புதிதாகிவிடும். பெரிய செலவில்லாத வேலை. பலர் இதைச் செய்யாமல் கியர்ப் பெட்டி போய்விட்டது என்று வண்டியையே விற்றுவிடுகிறார்கள்.

கபினுக்குள் இரண்டு சீற்றுக்கும் நடுவே எஞ்சின் மூடி ஒரு மேடாக எழும்பி நிற்கும். அதில் இருந்து வரும் சூடு வலது முழங்காலை அவிக்கும். நித்திரைக்குப் பின்னால் போக வேண்டுமென்றால் அந்த மேட்டின் மேலே தவழ வேண்டும். ஆனால் மனிசி கட்டித்தந்த இடியப்பப் பார்சலை அதன் மேல் வைத்தால் கிங்ஸ்ரன் தாண்டியும் சூடு ஆறாது. மாரியில் நிலைமை தலைகீழ்: வலது கால் அவியும், இடது கால் விறைக்கும். பெடல்களும் கியர்க் கம்பியும் வரும் ஓட்டைகளுக்குள்ளால் ஒன்ராறியோக் காற்று வரும். ரப்பர் உறைகளை வருடா வருடம் பார்க்க வேண்டும், முன் கிறில்லுக்குக் கன்வஸ் மூடி கட்ட வேண்டும்.

கபினைக் கவிழ்ப்பது தனிச் சடங்கு. முதலில் உள்ளே தளர்வாக எதுவும் இருக்கக்கூடாது. சப்பாத்து, தேர்மொஸ், தலையணைக்குக் கீழே வைத்த சில்லறை, கம்பியில் தொங்கும் பிள்ளையார் எல்லாம் வெளியே வர வேண்டும், இல்லாவிட்டால் அத்தனையும் முன் கண்ணாடியில் வந்து விழும். கதவு இரண்டையும் வடிவாகப் பூட்ட வேண்டும். முன்னுக்கு ஆள் நிற்கவே கூடாது. பிறகு பம்பின் பிடியைப் போட்டு அடிக்க வேண்டும். முதல் பத்துப் பதினைந்து அடிக்கு ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். திடீரென்று பின்பக்கம் ஒரு விரல் அளவு எழும்பும், பழைய உலோகம் ஒரு முனகல் முனகும், அப்புறம் மெல்ல மெல்ல முழுக் கபினும் வானத்தைவிட்டு நிலத்தைப் பார்க்கத் திரும்பும். நடுப்புள்ளியைத் தாண்டும் இடத்தில் பிடியில் பாரம் சட்டென்று போய்விடும், அந்த நேரத்தில் எவ்வளவு அனுபவசாலிக்கும் வயிறு ஒருக்கால் கலங்கும். ஆனால் திறந்த பிறகு? எஞ்சின் முழுதாக, நாலு பக்கமும், நிமிர்ந்து நின்றபடியே வேலை செய்யலாம். எந்தப் பொனற் வண்டியிலும் இந்தச் சுகம் இல்லை. எண்ணெய் அளவு பார்க்க மட்டும் தூக்கத் தேவையில்லை.

இப்போது பழைய ட்றக்குக்கு மவுசு கூடியதற்கு ஏக்கம் மட்டும் காரணமில்லை. அமெரிக்காவில் 2017 டிசம்பரில், ஓடிய மணித்தியாலத்தைத் தானே பதியும் எலெக்ற்றோனிக் லொக் கட்டாயமாகியபோது, 2000 க்கு முந்திய எஞ்சின் உள்ள வண்டிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். கனடாவிலும் 2000 க்கு முன் செய்த வண்டிகளுக்கு அது இல்லை. ஒன்ராறியோவில் 2009 இல் வந்த மணிக்கு 105 கிலோமீற்றர் வேகப் பூட்டும் 1995 இலோ அதற்குப் பிறகோ செய்த, எஞ்சினில் கொம்பியூட்டர் உள்ள வண்டிகளுக்குத்தான். இதைக் கேட்டதும் சிலருக்கு வாய் ஊறும். கொஞ்சம் பொறுங்கள். எத்தனை மணித்தியாலம் ஓடலாம் என்ற சட்டம் பழைய வண்டிக்கும் அப்படியே இருக்கிறது, புத்தகத்தில் கையால் எழுத வேண்டும் என்பதுதான் வித்தியாசம். கலிபோர்னியா இந்த வண்டியை வேலைக்கு உள்ளே விடாது, அங்கே 2023 இல் இருந்து 2010 அல்லது அதற்குப் பிந்திய எஞ்சின்தான். விலக்குக்காக மட்டும் கேபோவர் வாங்க நினைத்தால், அதே காலத்துப் பொனற் வண்டியை வாங்குங்கள். நாரி நன்றி சொல்லும்.

மூக்கில்லாத ட்றக் செத்துப்போனது வட அமெரிக்காவில் மட்டும்தான். ஐரோப்பாவில் மொத்த நீளம் 16.5 மீற்றர் என்ற விதி இருப்பதால் அங்கே இன்றைக்கும் எல்லாம் தட்டை முகம். அவுஸ்திரேலியாவில் இரண்டு ட்றெயிலர் இழுக்கும் பி-டபிளுக்கு 26 மீற்றர் கணக்கு. அதனால் கென்வேர்த் அங்கே முந்தி கே200, இப்போது கே220 என்று இன்னும் கேபோவர் கட்டுகிறது. மெல்பேர்னில் இருக்கும் என் மச்சான் புது வண்டியின் படத்தை அனுப்பும்போது கொஞ்சம் வயிறு எரிகிறது.

வாங்கத்தான் போகிறேன் என்பவர்களுக்கு: கம்மின்ஸ் 855 க்குச் சாமான் தட்டுப்பாடு இல்லை, அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கபின் சாமான்தான் கிடையாது. கதவு ரப்பர், கிறில், லைற் வளையம், கபின் பூட்டு எல்லாம் கழித்துவிட்ட வண்டிகளில் தேடி எடுப்பதுதான். தட்டையான முன் கண்ணாடி உள்ள மாடல் என்றால் எந்தக் கண்ணாடிக் கடையிலும் வெட்டித் தருவார்கள். அலுமினியக் கபின் கறள் பிடிக்காது என்று விற்கிறவர் சொல்லுவார். சரிதான், ஆனால் அலுமினியம் இரும்போடு முட்டுகிற இடங்களில் இங்கத்தைய உப்பு றோட்டுக்கு மா மாதிரி உதிரும். முன்பக்கக் கீல், அதன் புஷ், பின்பக்கப் பூட்டுக் கொக்கி மூன்றையும் ரோர்ச் அடித்துப் பாருங்கள். சேஸிக் கட்டைகளுக்கு நடுவே கறள் வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சினை ஸ்ராட் பண்ணிச் சத்தம் கேட்பதெல்லாம் பிறகு. முதலில் கபினை முழுதாகக் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். பம்ப் வேலை செய்யாது, பிறகு திருத்தலாம் என்று சொன்னால் விலை பேசாமல் வந்துவிடுங்கள். கபின் எழும்பாத கேபோவரில் எஞ்சினைத் தொட வேறு வழியில்லை.