தோட்டத்துப் பிள்ளைக்கு விடுதியா, டவுன் பள்ளிக்கூடமா?

டவுன் சின்ட்ரோமோடு பிறந்த பிள்ளை, ஆட்டிசம் உள்ள பிள்ளை, எதையும் பிந்திப் பழகுகிற பிள்ளை என்று யார் இருந்தாலும், ஐந்து வயது முடிந்ததும் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒரே பேச்சுதான். கண்டிப் பக்கம் விடுதியோடு இருக்கிற விசேட பள்ளியில் விடுவதா? டவுனில் அரசாங்கப் பள்ளிக்கூடத்து விசேட கல்வி அலகுக்கு (இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான தனி வகுப்புக்கு) தினமும் கூட்டிப் போவதா? இல்லை, வீட்டோடு வைத்துக்கொள்வதா? எங்கள் தம்பிக்கு இரண்டாவதைத்தான் எடுத்தோம். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஹட்டனுக்குப் பஸ். அதனால் நான் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன்.

வீட்டோடு வைப்பதைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில்) ஐந்து வயதுவரை பார்ப்பார்கள். அதற்குப் பிறகு அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனால் பிள்ளைக்குத் துணை டீவியும் சாத்திய கதவும்தான். சமூகப் புனர்வாழ்வுத் திட்டத்தில் வீட்டுக்கு வந்து போகிறவர்கள் நல்ல உதவி. கை கால் பயிற்சியை அம்மாவுக்கே பழக்கிக் கொடுப்பார்கள். நடக்கவே முடியாத பிள்ளைக்கு அது பெரிய விஷயம். ஆனால் எப்போதாவது ஒருவர் வந்து போவதைப் பள்ளிக்கூடம் என்று சொல்ல முடியாது.

விடுதிக்கு உள்ள பலத்தை நான் மறைக்க மாட்டேன். பேச்சுப் பயிற்சி, பிசியோதெரபி எல்லாம் அங்கேயே கிடைக்கிற இடங்கள் உண்டு. பேராதனைச் சிறுவர் ஆஸ்பத்திரியும் கிட்ட. டவுன் சின்ட்ரோம் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயத்தில் கோளாறு இருக்கும். தைராய்டு, காது, கண் எல்லாவற்றையும் அடிக்கடி பார்க்க வேண்டும். 2017இல் இந்திய உதவியோடு டிக்கோயாவில் புது ஆஸ்பத்திரி வந்தது எங்களுக்கு வசதிதான், ஆனாலும் பெரிய சோதனை என்றால் பேராதனைக்கோ கொழும்புக்கோதான் துண்டு எழுதுகிறார்கள். அப்புறம், பிள்ளை விடுதியில் இருந்தால் அம்மா, அப்பா இரண்டு பேரும் முழுப் பேர் (முழு நாள் வேலைக் கணக்கு) போடலாம்.

நாங்கள் போய்ப் பார்த்த விடுதிகளில் எல்லாமே சிங்களத்தில் நடந்தது. பேசவே சிரமப்படுகிற பிள்ளைக்கு வீட்டில் ஒரு பாஷை, அங்கே ஒரு பாஷை. எங்கள் தோட்டத்துப் பெண் பிள்ளை ஒன்று அப்படி ஒரு விடுதியில் இருக்கிறது. சுத்தபத்தமாக, சாப்பாட்டில் ஒழுங்காக வளர்ந்திருக்கிறது. தீபாவளிக்கு வரும்போது மட்டும் பாட்டியோடு பேச முடியாமல் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

சரி, இனி முக்கியமான விஷயம். கட்டணம், பாடம், டீச்சர் எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளுகிற கேள்வி ஒன்று இருக்கிறது: பிள்ளையை யார் கூட்டிப் போவது?

காலையில் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு) போகிற நேரமும் ஹட்டன் பஸ்ஸைப் பிடிக்கிற நேரமும் ஒன்றுதான். பிரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை. பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பலாம் என்றால், தோட்டத்து ரோட்டில் ஏறி வீடு வந்து சேர்வதற்குள் மறுபடி இறங்க வேண்டும், அலகு மற்ற வகுப்புகளுக்கு முன்னமே விட்டுவிடும். ஆகவே கூட்டிப் போகிறவர் பள்ளிக்கூட வாசலிலோ பக்கத்துக் கோயிலிலோ உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதாவது ஒரு பெரிய ஆளின் முழு நாள், தினமும். குறைந்த வருமானக் குடும்பத்து மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு 2025இல் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆனது. 2024 செப்டம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் கணக்குப் பார்த்தாலும் அது ஏழு நாள் பேருக்குத்தான் வரும். மீதி நாளுக்கு யார் கொடுப்பது?

எங்களுக்கு அம்மாயி இருந்தார். தோட்டத்தில் பெண்களுக்கு ஐம்பது வயதில் ஈ.பி.எஃப். (சேமலாப நிதி) எடுக்கலாம் அல்லவா? அதை எடுத்துவிட்டு வீட்டில் இருந்தவர். ஆனால் ஜூன் மழையில் அந்தச் சறுக்கல் பாதையில் அவரால் இறங்க முடியவில்லை. கடைசியில் பக்கத்து டிவிஷனில் (தோட்டப் பிரிவில்) அதே அலகுக்குப் போகிற இரண்டு பிள்ளைகளின் வீடுகளோடு பேசி முறை வைத்தோம். ஒருவர் மூன்று பிள்ளைகளையும் கூட்டிப் போவார். மற்ற இரண்டு வீடும் அவருடைய பஸ் காசோடு, அவர் இழந்த அன்றைய பேருக்கு ஒரு பங்கும் கொடுக்கும். இதில் மனஸ்தாபம் வராமல் இல்லை. யார் எத்தனை நாள் போனார்கள் என்று கலண்டரில் புள்ளி வைத்த பிறகுதான் அடங்கியது. இப்படி ஆள் கிடைக்காத வீட்டுக்கு நானே விடுதியைத்தான் சொல்வேன்.

அலகில் குறை இல்லையா என்றால், நிறைய. ஆறு வயதும் பதினைந்து வயதும் ஒரே அறையில். டீச்சர் லீவு என்றால் வகுப்பே இல்லை, அதுவும் பஸ் ஏறிப் போன பிறகுதான் தெரியும். தமிழில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர்கள் மலையகத்தில் அரிது. அதனால் டீச்சர் தனக்குத் தெரிந்ததைச் செய்கிறார்.

ஆனால் தம்பி இப்போது சட்டைப் பொத்தானைத் தானே போடுகிறான், கீழிருந்து மேலே. சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறான். பஸ்ஸில் காசை நீட்டி "ஹட்டன் ரெண்டு" என்று அவனேதான் சொல்வான். கண்டக்டர் மிச்சத்தை அம்மாயி கையில் கொடுத்தால் கோபம் வரும், இவன் கையில்தான் வைக்க வேண்டும். பெயர் எழுதுவதில் இன்னும் ஒரு எழுத்துத் திரும்பித்தான் நிற்கிறது, இருக்கட்டும். இன்டர்வலில் மற்ற வகுப்புப் பிள்ளைகளோடு விளையாடுவதால் டவுனில் எங்கே போனாலும் யாராவது இவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். விடுதியில் இருந்திருந்தால் சொந்த ஊரில் இவனை யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

சில விஷயங்களில் என் அனுபவம் போதாது. தம்பிக்கு வலிப்பு இல்லை. வலிப்பு வருகிற பிள்ளையை நெரிசல் பஸ்ஸில் கூட்டிப் போவது வேறு கதை. சத்தம் தாங்காத ஆட்டிசப் பிள்ளைக்கும் அப்படித்தான். பெண் பிள்ளை வயதுக்கு வந்த பிறகு, வீட்டில் ஆள் இல்லாத நேரத்துக்குப் பயந்து விடுதியில் விட்ட அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். பதினாறு வயதுக்குப் பிறகு என்ன என்பதும் எங்களுக்கு இன்னும் வராத கேள்வி. சமூக சேவைகள் திணைக்களத்தின் தொழிற்பயிற்சி நிலையங்கள் சீதுவை, வத்தேகமை போன்ற இடங்களில் இருக்கின்றன. அங்கே போவதென்றால் திரும்பவும் வீட்டை விட்டுத் தங்க வேண்டும்.

அலகைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு: பிள்ளையின் சுகாதார அபிவிருத்திப் பதிவேடு, டாக்டரின் அறிக்கை, பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் கொண்டு போங்கள். நாங்கள் முதலில் போன இடத்தில் "இங்கே பார்க்க ஆளில்லை" என்று வாசலிலேயே சொன்னார்கள். இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுக்கக் கூடாது என்பது 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். அதைச் சொல்லிச் சண்டை பிடிக்காமல், வலயக் கல்விக் காரியாலயத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பான அதிகாரியிடம் போனோம். எந்தப் பள்ளிக்கூடத்தில் தமிழ் மொழியில் அலகு நடக்கிறது, எங்கே இடம் இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். புது வருட வகுப்புத் தொடங்குவதற்கு ஓரிரு மாதம் முன்பே அவரைப் பார்த்துவிடுங்கள். அதே பாதையில் வேறு எந்தத் தோட்டத்துப் பிள்ளை வருகிறது என்பதையும் அங்கேயே கேட்டு வையுங்கள்.