பிரிண்டருக்கு வைஃபையா, கேபிளா?

மன்னார்குடியில் எங்கள் வீட்டில் கரண்ட் போய் வந்தாலே, பிரிண்டரைக் காணவில்லை என்று கம்ப்யூட்டர் சொல்லும். பிரிண்டரில் வைஃபை விளக்கு நீலமாக எரிந்துகொண்டுதான் இருக்கும். ரௌட்டர் மறுபடி எழும்போது பிரிண்டருக்கு வேறு ஐபி எண் (வீட்டு நெட்வொர்க்கில் அதன் முகவரி) கொடுத்துவிடுகிறது; கம்ப்யூட்டரோ பழைய எண்ணிலேயே தேடுகிறது. ரௌட்டர் செட்டிங்கில் பிரிண்டருக்கென்று ஒரே எண்ணை ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீரும். அப்புறம், பல பிரிண்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும், 5 கிகாஹெர்ட்ஸில் சேராது; அதையும் பாருங்கள்.

யூஎஸ்பி கேபிளில் இந்த வேலை எதுவும் இல்லை, செருகினால் போதும். ஆனால் கேபிளின் நீளம் 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும்.

சரி, எது நல்லது? நெல் கொள்முதலுக்கு அப்பா சிட்டா, அடங்கலோடு அவசரமாகக் கிளம்பும் காலையில் நான் கேபிளைத்தான் நம்புவேன். மற்ற நாளெல்லாம் வைஃபைதான். அம்மா திண்ணையில் இருந்தபடியே போனிலிருந்து பிரிண்ட் கொடுக்கிறார்.