வினாத்தாள் டெம்ப்ளேட்டுக்கு கூகுள் டாக்ஸ்

கூகுள் டாக்ஸில் சுயவிவரம், கடிதம், அறிக்கைக்கெல்லாம் அழகான டெம்ப்ளேட் உண்டு. எங்கள் பள்ளி வினாத்தாளுக்கு ஏற்றது இல்லை. சரி என்று நானே ஒன்று செய்துகொண்டேன். வகுப்பு, நேரம், மதிப்பெண் மூன்றையும் கோடு தெரியாத அட்டவணைக்குள் வைத்தேன். பாடத்தின் பெயர் நீண்டாலும் வரி கலைவதில்லை. எழுத்துரு கேட்டமரன், அச்சில் தெளிவாக விழுகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது நகல் வசதி. இணைப்பின் கடைசியில் ஆங்கிலத்தில் எடிட் என்று தொடங்கும் பகுதியை அழித்துவிட்டு, காப்பி என்று போட்டு அனுப்பினால் போதும். திறக்கும் ஆசிரியரிடம் நகல் எடுக்கவா என்றுதான் கேட்கும். மூலத்தில் யார் கையும் படாது.

சொந்த ஜிமெயில் கணக்கில் நம் டெம்ப்ளேட்டை டாக்ஸின் டெம்ப்ளேட் தொகுப்பான கேலரியில் சேர்க்க முடியாது. நிறுவனக் கணக்குகளுக்குத்தான் அந்த வசதி. அதை எல்லோருக்கும் தரலாம்.