கடல் ஓயும் நாளுக்குக் கூலி யார் தருவது? ராமநாதபுரம் கரையின் மூன்று வழிகள்

கடலைக் காக்க வேண்டும் என்பதில் ராமநாதபுரம் கரையில் யாருக்கும் மறுப்பில்லை. மீன் அழிந்தால் முதலில் அடுப்பு அணைவது கடலுக்குப் போகிறவர் வீட்டில்தான். தகராறு அடுத்த கேள்வியில் வருகிறது: காப்பதற்காக வேலையைக் குறைத்தால் அந்த நாளின் கூலி யார் கணக்கு? இதைப் பேசி முடிக்க மூன்று வழிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. அரசு தடை போட்டு நிவாரணம் கொடுப்பது ஒன்று. தொழில் செய்பவர்கள் தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொள்வது இன்னொன்று. தொழிற்சங்கம் நிர்வாகத்தோடு போடும் ஊதிய ஒப்பந்தத்திலேயே சுற்றுச்சூழலையும் எழுதிவிடுவது மூன்றாவது.

முதல் வழி எல்லோருக்கும் பழக்கமானது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம். வகுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு 131 ரூபாய். விசைப்படகில் பங்குக்குப் போகும் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் கிடையாது. படகு போனால்தான் அவருக்குக் காசு. தடை தேவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மீன் முட்டையிடும் காலத்தில் மடி என்ற இழுவை வலையை இழுக்கக் கூடாது. ஆனால் நாளையும் தொகையையும் அரசே முடிவு செய்கிறது. தொழிலாளி வரிசையில் நின்று வாங்கிக்கொள்பவராக இருக்கிறாரே தவிர, பேசித் தீர்க்கும் தரப்பாக இல்லை.

இதே குறை இன்னும் பெரிய அளவில் 2017-இல் வந்த ஆழ்கடல் திட்டத்தில் தெரிந்தது. பாக் நீரிணையில் இழுவை மடியைக் குறைக்க, சூரை மீன் பிடிக்கும் தூண்டில் படகுக்கு 80 லட்சம் ரூபாய் என்று கணக்குப் போட்டார்கள். மத்திய அரசு 50 சதவீதம், மாநில அரசு 20 சதவீதம் மானியம். நோக்கம் நல்லது. ஆனால் கணக்கு முழுக்கப் படகையே சுற்றியது. பழைய படகை விட்டு இறங்கும் நான்கைந்து பேருக்குப் புதிய படகில் இடம் உண்டா, கரையிலிருந்து நாள்கணக்கில் தள்ளி இருக்கும் வேலைக்குப் பங்கு எப்படிப் பிரியும் என்பதெல்லாம் படகுக்காரரின் மனசைப் பொறுத்த விஷயமாகவே விடப்பட்டது.

இரண்டாவது வழியைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும். இந்தக் கரை வெளியூருக்குக் கற்றுக்கொடுக்கக்கூடிய விஷயம் அது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அந்தத் தீவுகளைச் சுற்றித்தான் பாம்பன், சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் தலைமுறையாகப் பாசி எடுத்து வந்தார்கள். மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகர் என்ற உறையவைக்கும் பொருள் செய்யப் போகும், கட்டக்கோரைப் பாசி அல்ஜினேட் என்ற கெட்டியாக்கும் பொருளுக்கு. வனத்துறை கெடுபிடி கூடியபோது அவர்களுக்கு முன்னால் ஒளிந்து எடுப்பது, தொழிலை விடுவது என்று இரண்டே வழிகள் இருந்ததாகத்தான் வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குத் தோன்றியிருக்கும். அவர்கள் மூன்றாவதாக ஒன்று செய்தார்கள். கூட்டமைப்பாகச் சேர்ந்து, மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது, இரும்புச் சுரண்டி போட்டுப் பவளப்பாறையைப் பெயர்க்காமல் விரலில் துணி சுற்றிக் கையாலேயே பறிப்பது என்று தாங்களே விதி வகுத்தார்கள். அந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரிகளிடம் பேசினார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த ஒரு தலைவிக்கு 2015-இல் சீகாலஜி என்ற சர்வதேச விருதும் கிடைத்தது.

விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற பாக் நீரிணை ஏற்பாடும் இதே வகைதான். அடிதடிக்குப் பிறகு பேசிப் பேசி வந்த ஒழுங்கு அது. முதலாளி, தொழிலாளி என்ற இரண்டு நாற்காலி இல்லாமலே கூட்டுப்பேரம் நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எங்கே இருக்கிறது?

ஆனால் இந்த வழியில் எனக்கு ஒரு பெரிய வருத்தம் உண்டு. 12 நாள் விதியின் முழுச் சுமையையும் பாசி எடுக்கும் பெண்கள் மட்டுமே சுமக்கிறார்கள். கடல் பிழைக்கிறது, வனத்துறைக்கு வேலை குறைகிறது, பாசி வாங்குபவருக்கு நாளைக்கும் சரக்கு உறுதியாகிறது. இத்தனை பேருக்கும் ஆதாயம் தரும் விதியில் விலையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கிலோவுக்கு என்ன விலை என்பதை இன்னும் வியாபாரிதான் சொல்கிறார். விலை இல்லாத சுற்றுச்சூழல் விதி, நடைமுறையில் ஒரு கூலிவெட்டு.

அந்த இடத்தில்தான் மூன்றாவது வழி பலமாக நிற்கிறது. இதற்கு வாலிநோக்கத்தைப் பாருங்கள். அங்கே உப்பளம் நடத்தும் தமிழ்நாடு உப்பு நிறுவனம் அரசுடையது, 1974-இல் தொடங்கியது. இங்கே நிர்வாகம் யார் என்று கேட்டால் பதில் இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை உற்பத்தி இல்லாத மழை மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணமும் தருகிறது. அப்படியானால் வெயிலுக்கு? உப்பளத்தில் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளைப் பரப்பு, மேலே வெயில், காலடியில் உப்பு நீர். கழிப்பறை தூரம் என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்கள். இந்த வேலையிடத்தில் பருவநிலை மாற்றம் என்பது நேராக உடம்பில் படும் விஷயம்.

ஊதிய ஒப்பந்தத்தில் இதை எழுத முடியும். ஆனால் எழுதும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தில், சமரச அதிகாரி முன்னிலையில் போடும் 12(3) ஒப்பந்தம் அந்த நிறுவனத்தின் எல்லாத் தொழிலாளரையும், நாளைக்குச் சேர்பவரையும் சேர்த்துக் கட்டுப்படுத்தியது. இரு தரப்பும் தனியாகப் போடும் 18(1) ஒப்பந்தம் கையெழுத்துப் போட்டவர்களை மட்டும்தான். ஒப்பந்தப்படி வர வேண்டிய பணம் வராவிட்டால் 33சி பிரிவில் வசூலிக்க முடிந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பிலும் இந்த இரண்டு வகை ஒப்பந்தமும் வசூல் வழியும் தொடர்கின்றன. ஆகவே “நிர்வாகம் சுற்றுச்சூழலைப் பேணும்” என்று எழுதினால் அது காகிதம். “கடும் வெப்ப எச்சரிக்கை உள்ள நாளில் மதியம் வேலை நிறுத்தப்படும், அந்த நேரத்துக்கு முழுக் கூலி உண்டு” என்று எழுதினால் அது பணமாகக் கணக்கிடக்கூடிய உரிமை. உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரை எங்கே விடுவது, நிழற்கூடமும் குடிநீரும் எத்தனை பாத்திக்கு ஒன்று என்பதையும் அதே கையெழுத்துக்குள் கொண்டுவரலாம்.

இந்த வழியின் பலவீனமும் தெளிவு: நிர்வாகம் என்று ஒன்று இருக்கும் இடத்தில்தான் செல்லும். புதிய சட்டத்தொகுப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கம் இருந்தால் 51 சதவீத உறுப்பினர் உள்ள சங்கமே தனியாகப் பேச முடியும். பருவத்துக்கு வந்து போகும் தொழிலாளரைச் சேர்க்காமல் அந்த எண்ணிக்கையை எட்டுவது கடினம்.

வெளிநாட்டு உதாரணம் சொல்பவர்கள் சிட்னியைச் சொல்வார்கள். 1971-இல் கெல்லிஸ் புஷ் என்ற காட்டுத்துண்டைக் காக்கச் சொல்லி அந்தப் பகுதிப் பெண்கள் கேட்டதும், ஜாக் முண்டியின் கட்டடத் தொழிலாளர் சங்கம் அங்கே வேலை செய்ய மறுத்தது. அதைப் படிக்கும்போது மனம் நிறையத்தான் செய்கிறது. ஆனால் அப்போது சிட்னியில் கட்டட வேலைக்குப் பஞ்சமில்லை. ஒரு மனையை மறுத்தால் அடுத்த மனை இருந்தது. மண்டபத்தில் பாசியை மறுத்தால் அடுத்த வேலை எது?

ஆக, என் தேர்வு: உப்பளத்துக்குச் சமரச அதிகாரி முன்னிலையில் போடும் ஒப்பந்தம், வேறு எதுவும் அதற்கு ஈடில்லை. கடலுக்கு, பெண்களின் விதியை அடித்தளமாக வைத்து அதில் விடுபட்ட தரப்பான வியாபாரியை மேசைக்குக் கொண்டுவர வேண்டும். முதலாளி இல்லாதவர்கள் சங்கம் வைக்க முடியாது என்று யாராவது சொன்னால், அகமதாபாத்தில் சுயதொழில் செய்யும் பெண்களின் சேவா அமைப்புக்கும் அதையேதான் சொன்னார்கள். 1972-இல் அது தொழிற்சங்கமாகப் பதிவானது. அப்போது 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பதிவுக்கு விண்ணப்பிக்க ஏழு பேர் போதும் என்றிருந்தது. இப்போது விண்ணப்பிக்கும் ஏழு பேரோடு, தொழிலில் இருப்பவர்களில் பத்து சதவீதம் அல்லது நூறு பேர், எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். பாம்பனில் அவர்களைத் தேட வேண்டியதில்லை. சங்கம் அமைந்ததும் முதல் கோரிக்கை இப்படி இருக்கலாம்: பருவம் தொடங்கும் முன்பே கிலோவுக்குக் குறைந்தபட்ச விலை எழுத்தில் வேண்டும், கையால் பறித்த பாசிக்குக் கூடுதல் விலை வேண்டும், மீன்வளத்துறையும் தொழிலாளர் துறையும் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.